அய்யன் இருக்காரு

அவன் சிரிக்கறான். சிரிக்கட்டும். வயிறு குலுங்கச் சிரிக்கட்டும், எனக்கென்ன. செங்கோட்டுவேலு, எங்கண்ணன், எனக்கு ஏழு வருசம் மூத்தவன், திருச்செங்கோட்டுல நாலு போர்வெல் வண்டிக்கு முதலாளி, இந்தக் கசாக்குக்காரங்க கம்பளிக் கூடாரத்துல வாசலுக்கு நேர் எதிர்ல, பெரிய ஒறம்பரைக்கு, விருந்தாளிக்குன்னு போட்டிருக்கற மெத்தையில சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, புளிச்ச குதிரைப்பாலைக் கிண்ணத்துல வாங்கி வெச்சுக்கிட்டுச் சிரிக்கறான். "டேய் நாரி, இது நம்மூரு கள்ளேதான்டா. மரம் ஏற வேண்டியதில்லை, அது ஒண்ணுதான் வித்தியாசம்"ங்கறான். நானும் சிரிச்சேன். "ஆமாங்கண்ணா"ன்னேன். வாய் நெறைய அண்ணா, வார்த்தைக்கு வார்த்தை ங்க. உள்ளுக்குள்ள அவன் இவன்தான், ஆறு வருசமா அப்படித்தான். இன்னைக்குக் காத்தால பத்தரை மணியில இருந்து எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு அவனுக்குத் தெரியாது. எங்கய்யன் செத்துப்போயிட்டாரு. எங்களைப் பெத்த அப்பன், எண்பத்தாறு வயசு, சித்திரை வெயில்லயும் மப்ளர் கட்டிக்கிட்டுத் திரிஞ்ச மனுசன், இப்ப வீட்டு ஆசாரக் கூடத்துல ஐஸ் பெட்டிக்குள்ள படுத்திருக்காரு. அது தெரியாம மூத்த மவன் எங்கயோ கண்காணாத மலையில உக்காந்து குதிரைப்பால் நல்லா இருக்குதான்னு நாக்கைச் சப்புக்கொட்டிப் பாக்கறான். நான் சொல்லல. சொல்லவும் போறதில்லை. இன்னொரு வாய் குடிங்கண்ணா, ஒடம்புக்கு நல்லதாமுங்க.

கடைசி ஊர்னு ஒண்ணு வந்துச்சு காத்தால. நாலு கடை, ஒரு பெட்ரோல் பங்கு, அவ்வளவுதான். "அண்ணே, இதுக்கு மேல டவர் கிடையாது, வீட்டுக்குப் பேசணும்னா இப்பமே பேசிக்கிடுங்க"ன்னு செல்வின் வேனை ஓரங்கட்டினான். செல்வின் மார்த்தாண்டத்துக்காரன். இருவது வருசத்துக்கு முன்னால அல்மாட்டிக்கு டாக்டருக்குப் படிக்க வந்தவன், டாக்டர் ஆகல, ஒரு கசாக்குப் பொண்ணைக் கட்டிக்கிட்டு இங்கயே தங்கிட்டான். வண்டி ஓட்டறதும் அவன்தான், இவங்க பாசையை நமக்குச் சொல்றதும் அவன்தான். இவங்க குளிர்காலத்துல மந்தையோட எறங்கித் தங்கற மேய்ச்சல் நெலத்துல போர் போடோணும்னு எங்கண்ணனைக் கூட்டியாந்ததும் அவன்தான். அண்ணனும் செல்வினும் ரொட்டி, டீத்தூள், மிட்டாய்னு வாங்கக் கடைக்குள்ள போனாங்க. ஒறம்பரை வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாதாம் இந்த ஊர்ல. எங்க ஊர்ல மட்டும் போவமா. நான் வேன்லயே இருந்தேன். போன் எங்கிட்டத்தான், இந்த ஊரு சிம் போட்டது ஒண்ணுதான். முதலாளிக்குப் போன் தூக்கிட்டுத் திரியறது தம்பி வேலை. பெரியப்பா மவன் சென்னியப்பன் பேசி அனுப்பிச்சிருந்தான். "நாரி, அய்யன் போயிட்டாருடா. ஏழரை மணி இருக்கும். காப்பி கேட்டாரு, கொண்டாறதுக்குள்ள போயிட்டாரு. ஐஸ் பெட்டி வெச்சாச்சு. நாளான்னிக்குப் பொழுதோட வரைக்கும் வெச்சிருக்கறம், அதுக்கு மேல ஆகாது. அண்ணங்கிட்டச் சொல்லி ஒடனே கெளம்புங்க." மூணு தடவை கேட்டேன். மொத தடவை நெஞ்சுல ஒண்ணும் ஏறல. ரெண்டாந்தடவை காப்பிங்கற எடத்துல போனைக் காதுல இருந்து எடுத்துட்டேன். மூணாந்தடவை, நாளான்னிக்குப் பொழுதோட அப்படிங்கற எடத்துல நெஞ்சுக்குள்ள என்னமோ நிமிந்து உக்காந்துச்சு. கடைக் கதவு தொறந்துச்சு. அண்ணன் மிட்டாய்ப் பையைத் தூக்கிக் காட்டி, "யாருடா, ஊர்லிருந்தா?"ன்னான். "கம்பெனி மெசேஜுங்கண்ணா"ன்னேன். அவ்வளவுதான். ஒரு பொய் சொல்ல எத்தனை நேரமாகும், எச்சில் முழுங்கற நேரங்கூட ஆகாது.

அதுக்கப்பறம் ரெண்டரை மணி நேரம் மலை. ஆறு ஒரு பக்கம், ஊசியிலை மரம் ஒரு பக்கம், ரோடுன்னு சொல்றதுக்கு ரெண்டு சக்கரத்தடம். நான் பின்னால உக்காந்து அவன் பொடனியையே, பின்கழுத்தையே பாத்துக்கிட்டு வந்தேன். பொடனியில மூணு மடிப்பு. அந்த மூணு மடிப்புக்கு ஒண்ணுமே தெரியாது. அதைப் பாக்கப் பாக்க எனக்குச் சொகமா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது, சொகமாத்தான் இருந்துச்சு. ஒரு மேட்டுல ஏறினா அங்கொரு சின்ன ஊரு, மண்ணுச் செவுரு, கும்பா கவுத்தாப்புல கூரைங்க. "என்னப்பா, ஒரு சனத்தையும் காணோம், இத்தனூண்டு வீட்டுல எப்படி இருப்பாங்க?"ங்கறான் அண்ணன். செல்வின் ஒரு கையை ஸ்டீரிங்குல இருந்து எடுத்து மொகத்தைத் தடவிக்கிட்டு, "அது ஊரு இல்லண்ணே, கல்லறை. இவங்க செத்தவங்களுக்கு வீடு கட்டுவாங்க. உசுரோட இருக்கவன் கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டு மலை மலையா அலைவான், செத்தவந்தான் ஒரு எடத்துல இருப்பான்"னான். அண்ணன் கன்னத்துல போட்டுக்கிட்டான். எனக்குக் கை எந்திரிக்கல. அய்யன், அய்யன், அய்யன்னு வேன் ஆடற ஆட்டத்துக்குள்ள மண்டைக்குள்ள ஒரே வார்த்தை உருண்டுக்கிட்டுக் கெடந்துச்சு. இப்பக்கூடச் சொல்லிரலாம், வேனைத் திருப்பச் சொல்லலாம், திருப்பினா ராத்திரிக்கெல்லாம் அல்மாட்டி, நாளைக்கு மத்தியானம் டெல்லி ஏரோப்ளேன், நாளான்னிக்குக் காத்தால கோயமுத்தூரு, பத்து மணிக்கு வீடு. கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. கணக்குத் தெரிஞ்சவன்தான் கம்முனு வந்தேன். அய்யனுக்குக் கொள்ளி வெக்கறது மூத்தவன் பாத்தியதை. அது அவனுக்குக் கெடைக்கக் கூடாது. ஏன்னா அம்மாளுக்கு வெக்கறது எளையவன் பாத்தியதை. அது எனக்குக் கெடைக்கல.

கெடைக்கலைன்னா விதின்னு விட்டிருப்பேன். அவன் புடுங்கிக்கிட்டான். ஆறு வருசத்துக்கு முன்னால, பஸ்தர் காட்டுக்குள்ள எங்க போர்வெல் வண்டி நிக்குது, நான் டிரில்லர், நானூறு அடி போயாச்சு, களிமண்ணு சரியற பூமி, ராடு உள்ள இருக்குது. எங்க மேனேஜர் தெனம் பொழுதோட பன்னெண்டு மைல் பைக்குல போயி ரோட்டு மேல நின்னு அண்ணனுக்கு அடிக்கணக்குச் சொல்லிட்டு வருவாரு. அன்னைக்கும் போனாரு. அண்ணன் சொல்லியிருக்கறான், அம்மா தவறிருச்சு. மேனேஜர் பதறிப்போயி, "தம்பியை ஊருக்குத் தாட்டி விட்டர்றனுங்க"ன்னிருக்காரு. "வேண்டாம். ராடு உள்ள இருக்கறப்ப நிறுத்தினா மண்ணு விழுந்து முப்பது ராடும் போயிரும். போரு முடியட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்." இது அவன் வாயில வந்த வார்த்தை, மேனேஜர் எங்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னது. ரெண்டு நாள். ரெண்டு நாள் நான் பாட்டுப் போட்டுக்கிட்டு ராடு எறக்கினேன். ஒதவிக்கு இருந்த ஒடிசாப் பசங்ககூட ஒரண்டை இழுத்துக்கிட்டுச் சிரிச்சேன். அறுநூத்து நாப்பது அடியில தண்ணி பிச்சுக்கிட்டு வந்துச்சு, நனைஞ்சுக்கிட்டு ஆடினேன். கோழி அடிச்சுப் போடச் சொல்லி முதலாளி சொன்னாருன்னு சமையல்காரன் சொன்னான். ரெண்டு தொடையும் நானே தின்னேன். எங்கம்மா சாம்பலாகி அப்ப ஒரு நாளாகியிருந்துச்சு. அண்ணன் ஒரே ஆளா நின்னு, நீர்மாலை எடுத்து, மொட்டையடிச்சு, என்ற கொள்ளியை அவன் வெச்சு, எல்லாக் காரியத்தையும் முடிச்சிருந்தான். ஊர் வந்து சேந்து அவன் சட்டையைப் புடிச்சேன். அய்யன்தான் கையை விலக்கி விட்டாரு. "உங்கண்ணன் செஞ்சா ஒரு காரணத்தோடதான்டா செய்வான்"னாரு. அந்தக் கோழித் தொடை இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தொண்டைக்குக் கீழ எறங்கல. அதனாலதான் இன்னைக்கு ஆடு அறுக்கறதுக்கு முன்னால, இந்தக் கூடாரத்துக்காரக் கெழவர் அதை வாசல்ல கொண்டாந்து நிறுத்தி, எங்களை உள்ளங்கையை விரிச்சு ஆசி சொல்லச் சொன்னப்ப, நான் மனசு நெறஞ்சு கையை விரிச்சேன். வேகட்டும். அண்ணன் திங்கட்டும். அப்பன் பொணமாக் கெடக்கறப்பக் கறி தின்னவன்னு நாளைக்கு அவனும் சொமக்கட்டும்.

கறி வெந்துக்கிட்டு இருக்குது, மூணு மணி நேரமா. ஒறம்பரை வந்தப்பறந்தான் அறுப்பாங்களாம், அப்பத்தான் மரியாதையாம். அடுப்புல சாணி வறட்டி எரியுது, வாசம் நம்ம வீட்டு அடுப்பு வாசமேதான். கூடார உச்சியில வட்டமா ஒரு ஓட்டை, அதுல இருந்து வெயில் விழுந்து கம்பளத்து மேல மெதுவா நகந்துக்கிட்டு இருக்குது. நான் அந்த வெயிலைத்தான் பாக்கறேன். அது மூலையில இருக்கற துணிப் பொட்டிக்கு அக்கட்டால, அந்தப் பக்கம் போயிருச்சுன்னா பொழுது சாஞ்சிரும், இன்னைக்குக் கெளம்ப முடியாது, எல்லாம் முடிஞ்சிரும். நகரு சாமி, சீக்கிரம் நகரு. கெழவரு பேரு ஒராஸ்பெக், எழுவது இருக்கும், மூஞ்சியெல்லாம் வெயில் காத்து அடிச்சுக் கருத்த தோலு, வெள்ளைத் தாடி. அவரு சம்சாரம் குல்யாஷ் டீ ஊத்திக்கிட்டே இருக்குது, அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமா. நெறைய ஊத்தினாப் போயிட்டு வான்னு அர்த்தமாம். எனக்கு மட்டும் ஒரு கிண்ணம் முழுசா ஊத்தினா நல்லா இருக்கும். அண்ணன் பையில இருந்து தேங்காயை எடுத்துட்டான். திருச்செங்கோட்டுல இருந்து மூணு தேங்காய் தூக்கியாந்திருக்கறான் தண்ணி பாக்க. உள்ளங்கையில படுக்க வெச்சுக்கிட்டு நடப்பான், தண்ணி இருக்கற எடத்துல அது நிமிந்து நிக்கும். கெழவர் தேங்காயைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு, காதோரம் ஆட்டிப் பாக்கறாரு, தாடியாட்ட இருக்கற நாரைத் தடவறாரு. செல்வின்கிட்ட என்னமோ கேட்டாரு. "இது எந்த மிருகத்து முட்டைன்னு கேக்காரு"ன்னான் செல்வின். அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கறான், கண்ணுல தண்ணி. "அய்யன் கேட்டா விடமாட்டாருடா இதை. ஊருக்குப் போனதும் மொத வேலையா இதைச் சொல்லோணும்"ங்கறான். ஆமாங்கண்ணா, சொல்லோணுமுங்க. ஐஸ் பெட்டி மூடியைத் தொறந்து காதுல சொல்லுங்க. அய்யோ, என்ன நெனப்பு இது. அந்தப் பெட்டிக்குள்ள கெடக்கறது எனக்கும் அப்பன். மப்ளர் கட்டி விட்டிருப்பாங்களா. அந்த மனுசனுக்குக் குளிரே ஆகாது. கட்டியிருக்க மாட்டாங்க, யாருக்குத் தோணும். நானும் போக முடியாதே, நானும் மொகம் பாக்க முடியாதே. பாக்காட்டிப் போகுது. அம்மா மொகமும்தான் பாக்கல. அய்யனும்தான் அன்னைக்கு அவன் பக்கம் நின்னாரு. கெடக்கட்டும், மூத்த மவன் வருவான் வருவான்னு காத்துக் கெடக்கட்டும். சொல்லிட்டேன், மனசுக்குள்ளதான் சொன்னேன்.

தட்டு வந்துச்சு. தட்டுன்னா தட்டா அது, நம்ம ஊர்ல கல்யாணத்துக்குச் சோறு வடிச்சுக் கொட்டற தாம்பாளம். அகலம் அகலமா மாவுத் துண்டு, மேல மலையாட்டக் கறி, ஆவி பறக்குது. ஆனா அதுக்கு முன்னால வேற ஒரு தட்டுல ஆட்டுத்தலை, முழுசா வேக வெச்சது, ஒரு கத்தியோட. கெழவர் ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வந்து, மூக்குப் பக்கம் அண்ணனைப் பாக்கற மாதிரி நீட்டினாரு. "அண்ணே, இதுதான் இங்க பெரிய மரியாதை"ன்னான் செல்வின். "விருந்தாளியில மூத்தவருக்குத்தான் தலை. நீங்க கத்தியால கொஞ்சம் அறுத்துத் தின்னுட்டு, காது கன்னமெல்லாம் மத்தவங்களுக்குக் குடுக்கணும். அதுக்கப்பறந்தான் யாரும் கறியைத் தொடுவாங்க." அண்ணனுக்கு மொகமெல்லாம் பூரிப்பு, கையைத் தொடைச்சுக்கிட்டு நீட்டிட்டான். கெழவர் தட்டைக் குடுக்காம, ஒரு வார்த்தை கேட்டாரு. செல்வின் அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணே, கோவிச்சுக்கிடாதீங்க. உங்கப்பா இருக்காரான்னு கேக்காரு. அப்பா உசுரோட இருக்கவன் தலையைத் தொடக்கூடாதுன்னு இவங்களுக்கு ஒரு மொறை. அவருதானே வீட்டுக்குத் தலை, அவரு இருக்கயில மவன் எடுத்தா அவரு ஆயுசுக்கு ஆகாதாம்." வறட்டி வெடிக்கற சத்தம் கேட்டுச்சு. அண்ணன் நீட்டின கையைச் சட்டுன்னு இழுத்துக்கிட்டான், சூடு பட்டவனாட்ட. "அய்யன் இருக்காரு. இருக்காருங்க. எண்பத்தாறு. பல்லு ஒண்ணு கொட்டல, கண்ணாடி போடாமப் பேப்பர் படிப்பாரு. எனக்கு வேண்டாம் சாமி, எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னு ரெண்டு கையையும் பொறத்தால கட்டிக்கிட்டான். அறுவது வயசு ஆளு, பள்ளிக்கூடத்துப் பையனாட்டக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறான், அய்யன் ஆயுசுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு.

கெழவருக்கு ஒரே சந்தோசம். தட்டைக் கீழ வெச்சுட்டு உள்ளங்கையை விரிச்சாரு. குல்யாஷும் விரிச்சுது, செல்வினும் விரிச்சான். அண்ணன் பொறத்தால கட்டின கையை அவுத்து விரிச்சான். நானும் விரிச்சேன், விரிக்காம இருக்க முடியுமா. கெழவர் நீளமா என்னமோ சொல்றாரு, செல்வின் மெதுவா ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்றான். "உங்கப்பா நூறு வயசு இருக்கட்டும். அவரு வீட்டு அடுப்பு அணையாம இருக்கட்டும். இந்தத் தலையை நீங்க ரெண்டு பேரும் இன்னும் ரொம்ப வருசம் தொடாம இருக்கணும்." எல்லாரும் மொகத்தைத் தடவிக்கிட்டாங்க. அண்ணன் தடவினான் பாரு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, நெத்தியில இருந்து தாடை வரைக்கும். கோயில்ல கூட அவன் அப்படிக் கும்பிட்டு நான் பாத்ததில்லை. கண்ணைத் தொறந்தப்ப தழும்பி நிக்குது. "டேய் நாரி, எத்தனையோ தேசம் போனோம், நம்மய்யனுக்கு இப்படி ஆசி சொன்னவங்க யாருடா"ங்கறான். அப்பத்தான் எனக்கு மண்டையில ஒறச்சுது. நான் என்ன செஞ்சு வெச்சிருக்கறேன். இவனைத் தண்டிக்கறேன் தண்டிக்கறேன்னு பத்தரை மணியில இருந்து இவனுக்கு நான் என்ன குடுத்துக்கிட்டு வர்றேன். எனக்கு அய்யன் பத்தரைக்கே செத்துட்டாரு. வேன்ல, மலையில, கல்லறைக்கிட்ட, இந்தக் கூடாரத்துல, நிமிசத்துக்கு நிமிசம் செத்துக்கிட்டே இருக்காரு. எனக்கு மட்டும். இவனுக்கு அவரு இருக்காரு. பேப்பர் படிக்கறாரு. தேங்காய்க் கதை கேக்கக் காத்துக்கிட்டு இருக்காரு. இவனுக்கு நூறு வயசு வரைக்கும் இருப்பாரு. நான் அடிச்ச அடியெல்லாம் எம்மேலயே விழுந்துக்கிட்டு இருக்குது, இவன் ஆசி வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கறான். நான் வண்டியோட காடு காடா அலைஞ்ச இருவது வருசமும் அம்மாளையும் இவனே வெச்சுக்கிட்டான், கொள்ளியையும் இவனே வெச்சுக்கிட்டான், இப்ப உசுரோட இருக்கற அப்பனையும் இவனே வெச்சுக்குவானா. எனக்குப் பொணம், இவனுக்கு அப்பனா. அப்படின்னா பஸ்தர்ல அந்த ரெண்டு நாள் எனக்கும் அம்மா, இல்லை, அதை நெனைக்க மாட்டேன், அந்தப் பக்கமே போகமாட்டேன், அது வேற. கெழவர் தட்டை எடுத்து என் பக்கம் பாத்தாரு. செல்வின் சிரிச்சுக்கிட்டு அவங்க பாசையில ரெண்டு வார்த்தை சொல்லிட்டு, எங்கிட்டயும் சொன்னான், "ஒரே அப்பாதானே, நீங்களும் தொட முடியாது. எங்கப்பாவும் மார்த்தாண்டத்துல கல்லாட்டம் இருக்காரு. இவரு பாடு திண்டாட்டந்தான்." கெழவர் தட்டைத் தன் பக்கம் திருப்பப் போனாரு. "குடுங்க"ன்னேன். தமிழ்லதான் சொன்னேன். ரெண்டு கையையும் நீட்டினேன்.

செல்வின், "அண்ணே, அப்பா இருக்கயில எடுக்கக் கூடாதுன்னேம்லா"ன்னான். நான் தட்டை வாங்கி மடியில வெச்சுக்கிட்டுக் கத்தியை எடுத்தேன். தலை கனமா இருந்துச்சு, சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில ஏறுச்சு. எந்த எடத்துல அறுக்கோணும்னு தெரியல, கன்னத்துல ஒரு கீறு கீறினேன். அண்ணன் மொதல்ல அதட்டினான், முதலாளி அதட்டு, "டேய் நாரி, அறிவு இருக்குதா, அய்யன் இருக்கறப்ப..." அங்கயே நின்னுட்டான். நான் நிமிந்து அவனைப் பாத்தேன். ஆறு வருசமாப் பாக்கோணும் பாக்கோணும்னு இருந்த மொகம். ராடு ஒடஞ்சு ஆழத்துல விழறப்ப மேல நிக்கறவனுக்குக் கையில ஒரு வெறுமை தெரியும், வண்டி கத்தும், ஆனா கீழ ஒண்ணும் இருக்காது. அந்த மாதிரிதான் இருந்துச்சு அவன் மொகம். கெழவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கல. ஒருத்தன் அப்பன் இருக்காருங்கறான், கூடப் பொறந்தவன் தலையை வாங்கிக்கறான். முட்டி போட்டே நகந்து வந்து அண்ணனை மாரோட சேத்துக் கட்டிக்கிட்டு, சத்தம் போட்டு அழுதாரு. மொகந்தெரியாத எங்கய்யனுக்காக அந்த மலைக்காரக் கெழவன் அழுதான். அண்ணன் அழல. அவரு தோளுக்கு மேல இருந்து என்னையே பாத்தான்.

"எப்படா?"

"காத்தால ஏழரைக்குங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பத்தரைக்கு. நீங்க மிட்டாய் வாங்கிக்கிட்டு இருந்தப்ப."

அவன் ஒதட்டை நக்கிக்கிட்டான். "அம்மாவுக்காடா?"

"ஆமாங்."

அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருக்கலாம். அடிச்சிருந்தா திருப்பி அடிச்சிருப்பேன், கத்தி கையிலதான் இருந்துச்சு. அவன் கெழவரு முதுகைத் தட்டிக் குடுத்துட்டு எந்திரிச்சு, கூடார வாசல்ல தலை முட்டிக்காம குனிஞ்சு வெளிய போயி, வேன் பக்கத்துல நின்னுக்கிட்டான். யாரும் கறியைத் தொடல. தட்டைக் கீழ வெச்சுட்டு நானும் பொறத்தால போனேன். குல்யாஷ் ஓடிவந்து எங்க வாய்க்கிட்ட ரொட்டியை நீட்டி, ஒரு துண்டு வாயில படாமப் போகக்கூடாதுன்னு கையால சைகை பண்ணுது, அண்ணன் ஒரு துண்டு பிச்சுப் போட்டுக்கிட்டான், நானும் போட்டுக்கிட்டேன். செல்வின் வண்டியைக் கெளப்பினான். "இப்பமே விட்டா விடியங்காட்டி அல்மாட்டி, மத்தியானப் பிளைட்டைப் புடிச்சிரலாம்ணே. நாளைக் கழிச்சுக் காலையில ஊருல இருப்பீங்க"ன்னான். மலை எறங்குது. அந்தப் பொடனி முன்னால, அந்த மூணு மடிப்பு. இப்ப அதுக்குத் தெரியும். தெரிஞ்சாச்சுன்னா எனக்கு வயிறு குளுந்திருக்கோணும், குளுரல, எங்க போச்சு அந்தச் சொகம், கடைசி ஊர்ல இருந்து மேல ஏர்றப்ப இருந்துச்சே. ராடு போயிருந்தா என்னடா உனக்கு, முப்பது ராடு, வாங்கிக்கலாம்டா, எங்கம்மாளை எங்க போயி வாங்கறதுன்னு ஆறு வருசமா மனசுக்குள்ள கேட்ட கேள்வியை இப்ப வாயைத் தொறந்து கேக்கலாம். அவனும் பதில் சொல்ற நெலமையில இல்லை. ஆனா ரொட்டி இன்னும் வாய்க்குள்ளயே கெடந்துச்சு.

ரொம்ப தூரம் எறங்கினப்பறம் அவன் திரும்பாமலே பேசினான். "நாரி, கொள்ளி நீ வெய்யி. பங்காளிங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். நீயே வெய்யி." சொல்றது தெளிவா, நெதானமா, நாலாவது வண்டியை நீ பாத்துக்கன்னு சொன்னானே அன்னைக்கு, அதே கொரல்ல. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. இதையும் இவன்தான் குடுக்கோணுமா. வாங்கிக்கறவன் நானா, என்னைக்கும் நானேதானா. என்ற ஆத்தரத்துக்குக் கூட இவன்தான் படியளக்கோணுமா. வாய்க்குள்ள இருந்த ரொட்டியை முழுங்கினேன். "வேண்டாங்கண்ணா"ன்னேன். "அய்யனுக்கு நீங்களே வெய்யிங்க. அது உங்களுது. எனக்கு வர வேண்டியது அம்மாளுக்கு வெக்கறது. அவளை மறுக்காக் கொண்டாந்து படுக்க வெய்யிங்க, நான் வெக்கறேன்."

செல்வின் கண்ணாடியில என்னை ஒரு தடவை பாத்துட்டு ரோட்டைப் பாத்து ஓட்டினான். போன்ல டவர் வந்துச்சு, மடியில விடாம அடிச்சுது, சென்னியப்பன்தான். நான் எடுத்து, காதுல வெக்காம, முன் சீட்டுக்கு அவன் கையில நீட்டினேன்.